ஓய்வு பெற்ற பின் வந்த கால்வலி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

“வேலைக்குப் போன காலத்துல கால் வலிக்கல தம்பி. வீட்டோட இருக்க ஆரம்பிச்ச பிறகுதான் வலிக்குது. அது எப்படி?”

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அந்த அம்மா கேட்ட கேள்வி இது. அதை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது என்பது எனக்குப் புரிய எட்டு வாரம் பிடித்தது. அந்த எட்டு வாரம் அவர் தேவையில்லாமல் வலியோடு நடந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஒரு ஆர்த்தோடிஸ்ட். கை, கால், முதுகுக்கு வேண்டிய தாங்கிகள், ஷூவுக்குள் வைக்கும் உள்தளங்கள், மருத்துவச் செருப்புகள் செய்வது என் தொழில். சொந்த ஊர் ஆம்பூர், படித்தது வேலூரில். இப்போது வேலை செய்வது தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நட்டால் மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். இந்த ஊரும் ஆம்பூரைப் போல ஷூ ஊர்தான். நார்த்டேல், ரேஸ்தார்ப் பகுதிகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு அத்தையோ பாட்டியோ இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்கள் அவர்களில் நிறைய. இந்த அம்மாவின் பாட்டி வீட்டாரும் “வேலூர் பக்கம்” என்றுதான் சொல்வார்களாம். அந்தப் பாட்டியிடம் கற்ற தமிழில்தான் என்னிடம் பேசினார்.

வந்தபோது அவருக்கு வயது 61. 22 வயதில் வேலைக்குச் சேர்ந்து, 60 வயது வரை இரண்டு தொழிற்சாலைகளில் ‘க்ளோஸிங்’ பிரிவில், அதாவது ஷூவின் மேல்தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் பிரிவில் இருந்தவர். முதல் தொழிற்சாலை, வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்த 1990களில் மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து ஓய்வு பெற்று 14 மாதம் ஆகியிருந்தது. வலது கணுக்காலின் உள்பக்கத்தில் வலி, வீக்கம். அது தொடங்கி 10 மாதம். விழவில்லை, கால் பிசகவில்லை. காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஆக ஆக ஏறும். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், சமையல் முடித்த நேரத்தில் ஏழு என்றார்.

சுகர் 11 வருடமாக, பிரஷர் அதற்கும் முன்னாலிருந்து. மெட்ஃபார்மின், எனலாப்ரில் எடுக்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.1. உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. ஓய்வுக்குப் பிறகு 6 கிலோ கூடியிருந்தது.

என்னிடம் வருவதற்கு முன்பு மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். ஓரிடத்தில் யூரிக் அமிலக் கோளாறு என்றார்கள், இன்னோரிடத்தில் குதிகால் வாதம் என்றார்கள். மூன்றாவது, ஒரு கடை: குதிகாலுக்கு அடியில் வைக்கும் ஜெல் மெத்தையை விற்றுவிட்டார்கள். மருந்துக் கடையில் தானாகவே வாங்கிய இபுப்ரோஃபென் மாத்திரையை நான்கு மாதமாகத் தினமும் போட்டுவந்தார். சுகர், பிரஷர், எனலாப்ரில் மூன்றும் இருக்கும் ஒருவருக்கு இந்த மாத்திரை சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. முதல் நாளே அவருடைய டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். அவர் அதை நிறுத்திப் பாராசிட்டமாலுக்கு மாற்றினார், சிறுநீரகப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். முடிவு சரியாக வந்தது.

பார்த்ததும் தொட்டதும்

பாதத்தைப் படுத்த நிலையில் பார்த்தால் பாதி விஷயம் தெரியாது. முழங்கால்வரை துணியை மடித்து, எனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். இடது பாதத்தில், பின்னாலிருந்து பார்க்கும்போது வெளிப்பக்கம் ஒன்றரை விரல் தெரிந்தது. வலது பாதத்தில் மூன்றரை விரல் தெரிந்தது. குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்து, முன்பாதம் வெளியே திரும்பிவிட்டதன் அடையாளம் அது. வலது குதிகாலின் சாய்வு 12 டிகிரி, இடது 5 டிகிரி.

அப்புறம் சுவரில் விரல் நுனியை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னேன். இடது காலில் ஒன்பது முறை செய்தார். வலது காலில் ஒரு முறைகூட முடியவில்லை. முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம் தெரிந்தது. “கால் என் பேச்சைக் கேக்கல” என்றார்.

உள் கணுக்கால் முண்டுக்குப் பின்னாலிருந்து பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பு வரை விரலால் அழுத்திக்கொண்டே போனால், அந்தக் கோடு முழுக்க வலி. குதிகாலின் அடியில் அழுத்தினால் வலியில்லை, காலையில் முதல் அடி வைக்கும்போதும் வலியில்லை. குதிகால் வாதம் என்ற முடிவு அங்கேயே விழுந்துவிட்டது. குதிகாலைக் கையால் பிடித்து நேராக்கினால் நேராக வந்தது, இறுகிப் போகவில்லை. கெண்டைக்கால் தசை மட்டும் இறுக்கம்: முழங்காலை நீட்டி வைத்தால் பாதம் 2 டிகிரிதான் மேலே வந்தது, மடக்கினால் 10.

சுகர் உள்ளவருக்குப் பாதம் வீங்கியிருந்தால் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். ஷார்கோ பாதம் என்ற நிலையில், நரம்பு மரத்துப்போன பாதத்தின் எலும்புகள் வலி அதிகம் தெரியாமலே உடைந்து நொறுங்கும். பாதம் சிவந்து, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருக்கும். இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே நான் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன். இவருக்கு வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு. 10 கிராம் நைலான் இழையால் தொட்ட எல்லா இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னார். ஆனால் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தபோது அதிர்வை இரண்டு காலிலும் தாமதமாகவும் மங்கலாகவும்தான் உணர்ந்தார். நரம்பு பாதிப்பின் தொடக்கம். நாடித் துடிப்பு இரண்டு பாதத்திலும் நன்றாகக் கிடைத்தது.

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் பாத வளைவு இறங்கியிருந்தது, மூட்டுத் தேய்மானம் இல்லை. அல்ட்ராசவுண்டில் டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாண் தடித்து, உறையில் நீர் சேர்ந்திருந்தது. முழுக் கிழிசல் இல்லை.

இந்தத் தசைநாணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதத்தில் 26 எலும்புகள். அவற்றை உள்பக்கமாக வில்லைப் போல் வளைத்து வைத்திருப்பதில் பெரிய பங்கு இதற்கு. கெண்டைக்காலின் ஆழத்தில் தொடங்கி, உள் கணுக்கால் முண்டின் பின்புறமாக, கிணற்று ராட்டினத்தின் மேல் கயிறு திரும்புவதுபோல் திரும்பி, படகெலும்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் வளைவு நொறுங்காமல் தாங்குவதும், குதிகால் எழும்போது நடுப்பாதத்தை இறுக்கிப் பூட்டுவதும் அதன் வேலை. அது திரும்பும் அந்த இடத்தில்தான் இரத்த ஓட்டம் குறைவு. நாற்பதைத் தாண்டிய பெண்கள், உடல் எடை கூடியவர்கள், சுகரும் பிரஷரும் உள்ளவர்கள் என்று இந்த நோய் தேடிப் போகும் ஆட்களின் பட்டியலில் இந்த அம்மாவுக்கு எல்லாமே பொருந்தியது. தசைநாண் சற்று நீண்டுவிட்டால் போதும், இழுக்கும் பலம் போய்விடும். பிறகு பாரம் முழுவதும் அடியில் எலும்போடு எலும்பை இணைக்கும் தசைநார்கள் மேல் விழுகிறது. அவையும் தளர்ந்ததும் பாதம் உள்பக்கமாகச் சரிகிறது.

1989இல் ஜான்சன், ஸ்ட்ராம் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தத் தசைநாண் நோயை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். நான்காவது நிலை பின்னர் சேர்க்கப்பட்டது. முதல் நிலையில் வலியும் வீக்கமும் மட்டும். இரண்டாவதில் பாதம் சரிந்திருக்கும், ஆனால் கையால் நேராக்கலாம். மூன்றாவதில் இறுகிவிடும், நான்காவதில் கணுக்கால் மூட்டும் போய்விடும். இவர் இரண்டாம் நிலை. செருப்பாலும் உள்தளத்தாலும் உண்மையாகவே உதவி செய்யக்கூடிய நிலை இதுதான். மூன்றுக்குப் போய்விட்டால் நான் செய்வது பெரும்பாலும் வலியைக் குறைப்பது மட்டுமே.

ஷூவை வாசித்தவர்

வெளியே போடும் செருப்புகளை எல்லாம் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். இரண்டு ஜோடி கொண்டுவந்தார். ஒன்று, தொழிற்சாலையில் ஊழியர் விலையில் வாங்கிய கறுப்புத் தோல் பள்ளி ஷூ, லேஸ் கட்டுவது. ஆறு வருடப் பழசு. இன்னொன்று, கால்வலிக்காகவே மகள் மாலில் வாங்கித் தந்த மெத்தென்ற ஃபோம் ஷூ. அழுத்தினால் விரல் புதையும், இரண்டாக மடித்துப் பையில் வைக்கலாம்.

எனக்கு இந்தப் பரிசோதனை ஒரு சடங்கு மாதிரி. ஷூவின் பின்புறத்தை விரலால் கிள்ளிப் பார்ப்பேன், இரு முனையையும் பிடித்து வளைப்பேன், துணி பிழிவதுபோல் முறுக்குவேன். நான் ஃபோம் ஷூவைக் கையில் எடுத்ததுமே அந்த அம்மா தலையை ஆட்டினார். “அதுல ஷாங்க் இல்ல. கவுண்டர் அட்டை. என் மகளுக்குச் சொன்னேன், கேக்கல. வலிக்குதே, மெத்துனு இருந்தா நல்லதுன்னு நினைச்சா.”

38 வருடம் ஷூ தைத்தவரிடம் ஷூவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஷாங்க் என்பது வளைவுப் பகுதியில், அடித்தளத்துக்குள் ஒளிந்திருக்கும் விறைப்பான பட்டை. அது இருந்தால் ஷூ விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்கும், நடுவில் மடங்காது. கவுண்டர் என்பது குதிகாலைச் சுற்றிக் கிண்ணம்போல் பிடிக்கும் விறைப்பான உள்பகுதி. இந்த இரண்டும் இல்லாத ஷூவில் எவ்வளவு விலை உயர்ந்த உள்தளத்தை வைத்தாலும், களிமண் தரையில் கட்டில் போட்டதுபோல், உள்தளமும் பாதத்தோடு சேர்ந்து சாயும்.

மெத்தென்று இருப்பதும் தாங்குவதும் வேறு வேறு. நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், சில மருத்துவர்கள் உட்பட. இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும், நான் படித்த ஊரிலிருந்தே அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் நோயினால் தானாக வருவதில்லை, உணர்ச்சி இல்லாத பாதம் ஒரே இடத்தில் அழுத்தம் வாங்கிக்கொண்டே இருப்பதால் வருகிறது என்று எடுத்துக் காட்டினார். அதற்காகத்தான் எம்.சி.ஆர். என்கிற மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்பு வந்தது. வேலூரிலும் கரிகிரியிலும் அதை அறுத்து ஒட்டித்தான் நாங்கள் தொழில் பழகினோம். உணர்ச்சி போன பாதத்துக்கு அந்த மிருது உயிர் காக்கும். அங்கேயும்கூட மிருதுவான ரப்பருக்குக் கீழே விறைப்பான அடித்தளம் ஒன்று கட்டாயம் உண்டு. இந்த அம்மாவின் பாதத்துக்கு உணர்ச்சி இருக்கிறது, பலம்தான் இல்லை. ஃபோம் ஷூவில் அவருடைய பாதம் சரிந்துபோக மேலும் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். பழைய பள்ளி ஷூவின் கவுண்டர் ஆறு வருடத்துக்குப் பிறகும் நிமிர்ந்து நின்றது. வலது அடியில் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது.

முதல் எட்டு வாரம்

நான்கு வாரம் கணுக்காலை அசையாமல் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய வாக்கர் பூட், தசைநாணுக்கு ஓய்வாக. அந்த நேரத்தில் குதிகாலைக் கையால் நேராகப் பிடித்தபடி அச்சு எடுத்து, இரண்டு பாதத்துக்கும் உள்தளம் செய்தேன்: பாலிப்ரோப்பிலீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் ஓடு, ஆழமான குதிகால் கிண்ணம், உள்பக்கம் 4 டிகிரி ஆப்பு, மேலே ஈ.வி.ஏ. என்ற ஃபோம் வகைப் பொருளில் மெல்லிய படலம். பள்ளி ஷூ மாதிரியே புதிதாக ஒரு ஜோடி, உள்தளத்துக்கு இடம் விட்டு ஒரு அளவு அகலமாக. பிசியோதெரபிஸ்ட் பயிற்சிகளைத் தொடங்கினார். ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை உள்ளே இழுப்பது, ஷூவும் உள்தளமும் போட்டபடியே சுவரில் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டுவது. வெறுங்காலில் இதைச் செய்தால் கெண்டைக்கால் நீளாமல் பாத வளைவுதான் இறங்கும், அதனால் ஷூவோடு.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்டார்களாம், எனக்கும் போடலாமா என்று கேட்டார். ஸ்டீராய்டு ஊசி இந்தத் தசைநாணுக்கு ஆபத்து, அறுந்துவிடக்கூடும் என்று விளக்கினோம். விட்டுவிட்டார்.

எட்டாவது வாரம் வந்தார். வலி ஏழிலிருந்து ஆறு. வீக்கம் கொஞ்சம் குறைவு. ஒற்றைக் கால் உயர்த்தல் பூஜ்யம். உள்தளத்தை எடுத்துப் பார்த்தேன். மேலே இருக்கும் ஈ.வி.ஏ.யில் ஒரு மாதத்தில் குதிகால் தடம் பதிந்துவிடும், விரல் நுனிகளின் அழுக்குத் தெரியும். இதில் ஒன்றுமில்லை. பட்டறையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் இருந்தது.

“அம்மா, இதைப் போடுறீங்களா?”

“போடுறேனே. வெளிய போகும்போதெல்லாம் மறக்காம போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. போன வாரம் கோயிலுக்கு, கடைக்கு, கிளினிக்குக்கு. மூணு தடவை.”

நான் சொன்ன வார்த்தை அதுதான். எழுதிக் கொடுத்த தாளிலும் அதுவே இருந்தது. அவர் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை.

நார்த்டேலில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனேன். சரிவில் கட்டிய வீடு. சமையலறை, கூடம், நடை எல்லாம் டைல்ஸ். பின்வாசலில் மூன்று படி இறங்கினால் துணிக்கொடி, கறிவேப்பிலை மரம், மிளகாய்ச் செடி. பின்வாசல் ஓரமாக ஒரு ஜோடி ஸ்லாப்ஸ். இங்கே ரப்பர் செருப்பை அப்படித்தான் சொல்வார்கள். நான் செய்த உள்தளம் புது ஷூவுக்குள், ஷூ காகிதம் அடைத்து அட்டைப் பெட்டிக்குள், பெட்டி அலமாரிக்குள். ஷூவின் மதிப்புத் தெரிந்தவர் அதைப் பாதுகாக்கும் விதம்.

காலை ஐந்தரைக்கு எழுந்து விளக்கேற்றுவதில் தொடங்கி, இரண்டு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, காயப்போட்டு, மகள் வேலையிலிருந்து வரும்வரை அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஞாயிறன்று பதினான்கு பேருக்குப் பிரியாணி. எல்லாம் வெறுங்காலில். தொழிற்சாலையிலோ, நாள் முழுக்க மெஷின் முன் உட்கார்ந்த வேலை, காலில் லேஸ் இறுக்கிய பள்ளி ஷூ. அவருடைய தசைநாணுக்கு ஓய்வு கிடைத்த காலம் அந்த 38 வருடம். ஓய்வு பெற்ற நாளிலிருந்துதான் அது தாங்கியே இல்லாமல் முழுநேர வேலைக்குப் போனது.

என் தாயும் ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவர். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு அவருடைய வேலைநாளின் இரண்டாம் பாதி தொடங்கியதை நான் பார்த்து வளர்ந்தவன். இருந்தும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் “வெளியே போகும்போது” என்று எழுதிக் கொடுத்தேன்.

நடக்கும் அடிகளை எண்ணும் கருவி ஒன்றைக் கொடுத்து, மூன்று நாள் வீட்டுக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று தனித்தனியே குறிக்கச் சொன்னேன். சராசரி ஒரு நாளைக்கு 5,200 அடி. அதில் 4,400 வீட்டுக்குள்ளும் பின்புறத்திலும். நான் செய்த தாங்கி மீதி 800 அடிக்கு மட்டும் வேலை செய்திருக்கிறது.

வெறுங்காலில் நடப்பது கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல பாதத்துக்கு, முக்கியமாகப் பிள்ளைகளின் பாதத்துக்கு, அதனால் பலம்தான். பலமிழந்த தசைநாணும் 84 கிலோவும் கடினமான டைல்ஸும் சேர்ந்த இடத்தில் கதை வேறு.

வீட்டுக்குள் போட ஒன்று

“வீட்டுக்குள்ள செருப்பா? சாமி இருக்கிற வீடு தம்பி.”

இந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். இதை மூடநம்பிக்கை மாதிரி நடத்தும் மருத்துவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் நோயாளி தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வெறுங்காலில்தான் நடப்பார். வீட்டுக்குள் செருப்பு வராமல் காப்பது தலைமுறை தலைமுறையாக வந்த சுத்தம். அதற்குள்ளேதான் வழி தேட வேண்டும். வெளி மண்ணே படாத ஒன்று செய்யலாம், படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், விளக்கிருக்கும் அறைக்குள் மட்டும் கழற்றிவிடலாம், அங்கே நிற்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து கும்பிடலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. டர்பனில் இருக்கும் அக்காவிடம் கேட்டிருக்கிறார். “தெருவப் பாக்காத செருப்பு செருப்பே இல்ல, அது காலுக்கு மருந்துன்னு அக்கா சொல்லிட்டா. செய்யலாம்.”

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். மேல்தோலைத் தானே தைப்பார்.

அவருடைய கராஜில் மேல்தோல் தைக்கும் பழைய போஸ்ட் மெஷின் ஒன்று இருந்தது, முதல் தொழிற்சாலை மூடியபோது விலைக்கு வாங்கியது. அச்சையும் அடித்தளத்தையும் நான் கொடுத்தேன். உள்பக்கக் கவுண்டரை வளைவு வரை நீட்ட வேண்டும் என்றேன். சரி என்றார். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, உள் கணுக்காலுக்குக் கீழே நான் போட்டிருந்த தையல் கோட்டைப் பென்சிலால் அடித்தார். வீக்கம் இருக்கிற இடத்தில் தையல் வரக்கூடாது, ஒரே துண்டாக வெட்டி இணைப்பை வெளிப்பக்கம் தள்ள வேண்டும் என்றார். குனிந்து லேஸ் கட்டச் சிரமம், அதனால் இரண்டு வெல்க்ரோ பட்டை. உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல். அடித்தளம் நடுத்தர விறைப்புள்ள ஈ.வி.ஏ., குதிகாலில் 18 மி.மீ., முன்னால் 12. கெண்டைக்கால் இறுகியவருக்கு இந்தச் சின்ன ஏற்றம் உதவும். அடியில் ஈர டைல்ஸில் வழுக்காத ரப்பர். உள்விளிம்பில் 6 மி.மீ. வெளியே நீட்டி விட்டேன், பாதம் உள்ளே சரியும்போது முட்டுக்கொடுக்க.

அந்த 6 மி.மீ. என் தவறு. முதல் வாரமே சமையலறை மிதியடியில் தட்டித் தடுமாறினார். விழவில்லை. அன்றே 3 மி.மீ.யாகச் சீவினேன், மிதியடியையும் எடுத்துவிடச் சொன்னேன். வயதானவர்களுக்கு இந்த விளிம்பை வைக்கும்போது வீட்டில் என்னென்ன விரிப்புகள் இருக்கின்றன என்று இப்போது முதலிலேயே கேட்கிறேன்.

பின்புறத்துக்கு, துணிக்கொடிக்குப் போக, அந்த ஸ்லாப்ஸுக்குப் பதில் பழைய பள்ளி ஷூ. லேஸை எடுத்து எலாஸ்டிக் போட்டுக் கொடுத்தேன், குனியாமல் நுழைக்கலாம். அதற்கும் ஒரு உள்தளம். ஒரே உள்தளத்தை ஷூவுக்கு ஷூ மாற்றிக்கொள்ளச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் நிரந்தரமாக ஒன்று இருக்க வேண்டும்.

பிறகு நடந்தவை

வீட்டுச் செருப்பு போட ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் சாயங்கால வலி நான்குக்கு வந்தது. 20ஆவது வாரத்தில் இரண்டு. ஒற்றைக் காலில் மூன்று முறை குதிகாலை உயர்த்தினார். மூன்றாவது முறை உயர்த்தியபோது பேரப்பிள்ளைகள் இரண்டும் எண்ணிக்கொண்டு நின்றன.

புனித வெள்ளி நெருங்கியதும் இன்னொரு கேள்வி வந்தது. இந்த ஊர் லாங்கலிபலேலே தெரு (பழைய பெயர் லாங்மார்க்கெட் தெரு) மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் அன்றுதான் தீமிதி. பல வருடமாகப் பூக்குழி இறங்கியவர். போகலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். இழை உணர்ச்சி இப்போது இருக்கிறது, ஆனால் அதிர்வு உணர்ச்சி மங்கத் தொடங்கிவிட்டது. நரம்பு மரத்தவர்களுக்குச் சுட்டதே தெரியாது, புண் ஆறவும் நாளாகும். குழியில் நடப்பது சில விநாடிதான், அதற்கு முன்னும் பின்னும் கான்கிரீட் முற்றத்தில் வெறுங்காலில் நிற்கும் மணிக்கணக்கு அந்தத் தசைநாணுக்குப் பெரிய பாரம். அந்த வருடம் விரதம் இருந்தார், குழி இறங்கவில்லை. கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இறங்கி வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். முதலில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

பன்னிரண்டாம் மாதப் பரிசோதனை: வலி பெரும்பாலான நாட்களில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மூன்று. ஒற்றைக் கால் உயர்த்தல் எட்டு முறை. எடை 79 கிலோ, எச்பிஏ1சி 7.2. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் பாத வளைவு ஒரு வருடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இன்னும் மூன்று விரல் தெரிகிறது. உள்தளம் பாதத்தைப் பழைய வடிவத்துக்குத் திருப்பிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாந்தவர்கள் என்னிடம் வருகிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே நடந்தது வேறு: சரிவு மேலும் போகவில்லை, குதிகால் இன்னும் கையால் நேராக வருகிறது, தசை பலம் பெற்றது, வலி தணிந்தது. இதில் செருப்பின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு, குறைந்த ஐந்து கிலோவின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி முதல் எட்டு வாரமும் நடந்தது, அப்போது வலி ஒரு புள்ளிதான் குறைந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

என் பதிவுத் தாளை மாற்றிவிட்டேன். ‘என்ன செருப்பு போடுகிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில், காலை எழுந்தது முதல் படுக்கும்வரை மணிவாரியாக ஒரு கட்டம் இருக்கிறது: எங்கே நிற்கிறார், என்ன தரை, காலில் என்ன. நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். வெறுங்கால் மணிநேரம் அதிகமாக இருந்தால் முதல் ஜோடியே வீட்டுக்குள் போடுவதாகச் செய்கிறேன். அதிர்வு உணர்ச்சி மங்கிய இந்த அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்புப் பரிசோதனையும் தொடர்கிறது. இடது பாதத்தில் இப்போது வலி இல்லை, ஆனாலும் அதையும் அளக்கிறேன்.

போன முறை வந்தபோது வீட்டுச் செருப்பின் குதிகால் ஈ.வி.ஏ. உள்பக்கம் 3 மி.மீ. அமுங்கியிருந்தது. பதினோரு மாதம் உழைத்திருக்கிறது. அடித்தளத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்குள், பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து மேசைமேல் விரித்தார். அடுத்த ஜோடிக்கான மேல்தோல் வெட்டு. முன்பட்டையை ஒரு விரல் பின்னால் தள்ளியிருந்தார். பக்கத்திலேயே இன்னொரு வெட்டு, அளவு சிறியது. அது யாருக்கு என்று கேட்டேன். அதே வரிசையில் அவருக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவருக்காம். அவரும் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார், புதன்கிழமை கூட்டி வருகிறேன் என்றார்.